நடந்து எரித்த கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா? நான்கு வழிகள், நான்கு விதச் செலவுகள்

இரணைமடுக் குளக்கட்டில் விடியப்புறம் நடப்பவர்கள், கிளிநொச்சியில் பின்னேரம் ஜிம்முக்குப் போகிறவர்கள், வவுனியாவில் வேலை முடிந்து சைக்கிள் மிதிப்பவர்கள் என்று பலரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். நிறை குறைக்க ஒரு கலோரிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். இன்று ஒரு மணித்தியாலம் நடந்தாயிற்று. 340 கலோரி எரிந்தது என்கிறது போன். கூடவே, "இன்று இன்னும் 340 சாப்பிடலாம்" என்றும் காட்டுகிறது. சாப்பிடுவதா, விடுவதா?

ஆட்களைக் கேட்டால் குழப்பம் கூடுகிறது. ஜிம்மில் நிற்கும் தம்பி, "ஒண்டும் சாப்பிடாதேங்கோ அக்கா, எரிச்சது எரிஞ்சதாவே இருக்கட்டும்" என்பார். கனடாவில் இருக்கும் மச்சாள் வட்ஸ்அப்பில், "சாப்பிடாட்டி உடம்பு பட்டினி நிலைக்குப் போயிடும், பிறகு ஒரு கிராமும் குறையாது" என்று எழுதுவார். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டையும் எல்லோருக்கும் பொருத்திப் பார்த்தால்தான் பிழைக்கிறது.

கையில் இருக்கும் வழிகள் நான்கு. ஒன்றும் திரும்பச் சாப்பிடாமல் விடலாம். போன் காட்டுவதை முழுக்கச் சாப்பிடலாம். பாதியைச் சாப்பிடலாம். அல்லது தினக் கணக்கையே விட்டுவிட்டு, கிழமை முழுவதும் செய்யும் பயிற்சியின் சராசரியைச் சேர்த்து ஒவ்வொரு நாளும் ஒரே அளவு சாப்பிடலாம். என் சாய்வை முதலே சொல்லிவிடுகிறேன்: நிறை பார்க்கும் மெஷின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஆளுக்கு நான்காவதுதான் சரி. மற்ற மூன்றுக்கும் அதற்கதற்குரிய ஆட்கள் இருக்கிறார்கள்.

## எதை வைத்துப் பார்ப்பது

இலக்கம் எவ்வளவு நம்பத்தக்கது. இங்கே கலோரி என்று எழுதுவதெல்லாம் கிலோகலோரிதான். சாப்பாட்டுக் கலோரியை ஓரளவு அளக்கலாம். எரித்த கலோரியைப் போனோ கைமணிக்கூடோ ஊகிக்கத்தான் செய்கிறது. ஊகத்தை நம்பி உண்மையான சோற்றைச் சாப்பிடுகிறோம் என்பது எப்போதும் நினைவில் இருக்க வேண்டும்.

ஆறு மாதம் தாக்குப்பிடிக்குமா. இரண்டு கிழமைக்கு எந்த வழியும் வேலை செய்யும். பசி மூன்றாவது கிழமையில்தான் கதைக்கத் தொடங்கும்.

உடம்புக்கு ஆபத்து உண்டா. சலரோக மருந்து எடுப்பவர்கள், பாடசாலை அணியில் விளையாடும் பிள்ளைகள், பால் கொடுக்கும் தாய்மார் ஆகியோருக்கு இதுதான் முதல் அளவுகோல். மற்றவர்களுக்கு இது கடைசியில் வரலாம்.

வீட்டுச் சமையலோடு ஒத்துப்போகுமா. ஒரே பானைச் சோறு, ஒரே சட்டிக் கறி, அதில் எத்தனை தேங்காய் பிழிந்தது என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும். அதுபோக, 2009 போரைத் தாண்டி வந்த வீடுகளில் "இன்றைக்குக் குறைவாகச் சாப்பிடுகிறேன்" என்று சொல்லித் தட்டை நகர்த்துவது இலேசான காரியமில்லை. பசி கிடப்பதை அங்கே யாரும் ஒரு பயிற்சியாகப் பார்ப்பதில்லை. எந்த வழியை எடுத்தாலும் இந்த வீட்டுக்குள் இருந்துதான் செய்தாக வேண்டும்.

## அதற்கும் முன்னால்: உங்கள் அடிப்படை இலக்கம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் நான்கு வழிகளில் எதையும் எடுக்க முடியாது. பெரும்பாலானோர் வழுக்கும் இடமும் இதுதான். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஓர் உதாரணம் எடுக்கலாம். வயது 38, உயரம் 158 சென்டிமீற்றர், நிறை 72 கிலோ உள்ள ஒரு பெண். அலுவலக வேலை, வீட்டு வேலை, கிழமையில் ஆறு நாள் காலை ஒரு மணித்தியால நடை. 1990இல் வந்த மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சமன்பாடு இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. பெண்களுக்கு அது இப்படி: நிறையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, இன்னும் 161 கழிக்க வேண்டும். ஆண்களுக்கு 161 கழிப்பதற்குப் பதில் 5 கூட்ட வேண்டும். நம் உதாரணப் பெண்ணுக்கு 1357 வருகிறது. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உடம்பு எரிப்பது ஏறத்தாழ இவ்வளவு.

இதை ஒரு பெருக்கத்தால் பெருக்கினால் நாளின் மொத்தச் செலவு வரும். அசைவு குறைந்த வாழ்க்கைக்கு 1.2, இலேசான பயிற்சி இருந்தால் 1.375, மிதமான பயிற்சிக்கு 1.55. நம் ஆளுக்கு 1.2 போட்டால் 1630. 1.375 போட்டால் 1866. வித்தியாசம் ஏறத்தாழ 237 கலோரி.

செயலியில் முதல்நாள் பதியும்போது "நீங்கள் எவ்வளவு சுறுசுறுப்பானவர்?" என்று கேட்கும். காலையில் நடக்கிறோமே என்று "இலேசான பயிற்சி" என்பதைத் தொடுகிறோம். அந்த நொடியே நடை கணக்கில் சேர்ந்துவிட்டது. அடுத்தநாள் நடந்துவிட்டு வந்து அதே நடையைத் தனியாகவும் பதிகிறோம். செயலி அதைத் திரும்பவும் கூட்டுகிறது. ஒரே நடைக்கு இரண்டு தடவை சாப்பாடு.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நிறை குறைய 1866இல் 350 கழித்து 1516 என்று இலக்கு வைக்கிறார். நடந்த நாளில் போன் 340 சேர்க்கச் சொல்கிறது, 1856 சாப்பிடுகிறார். அந்த நாளின் உண்மையான செலவோ 1630உம் நடைக்கு ஒரு 180உம் சேர்ந்த 1810தான். ஆறு நாள் கொஞ்சம் கூடுதல், ஏழாவது நாள் கொஞ்சம் குறைவு. மாதக் கடைசியில் மெஷினில் ஏறினால் முள் அசையாது. "நானும் ஒழுங்காக நடக்கிறேன், ஒழுங்காக எழுதுகிறேன், தைராய்டாக இருக்குமோ" என்று இரத்தம் சோதிக்கப் போவது இந்தக் கட்டத்தில்தான்.

மைஃபிட்னஸ்பால் போன்ற செயலிகள் பயிற்சியை அடிப்படையில் சேர்க்காமல், செய்தபிறகு கூட்டும் முறையில் அமைந்தவை. அப்படியான செயலியில் சுறுசுறுப்பு நிலையைத் தொழிலை மட்டும் வைத்துத்தான் தெரிவுசெய்ய வேண்டும். இணையத்தில் கிடைக்கும் சாதாரணக் கணிப்பான்கள் பயிற்சியையும் உள்ளே சேர்த்தே மொத்தத்தைத் தருகின்றன. அவற்றிலிருந்து இலக்கை எடுத்தவருக்குத் திரும்பச் சாப்பிட ஒன்றும் மிச்சமில்லை. அவர் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டாலும் நட்டமில்லை.

## அந்த 180 எங்கிருந்து வந்தது

சும்மா இருக்கும்போது ஒரு கிலோ உடம்பு ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ ஒரு கலோரி எரிக்கிறது. மணிக்கு ஐந்து கிலோமீற்றர் வேகத்தில் நடந்தால் அதைப்போல் மூன்றரை மடங்கு. 72 கிலோவுக்கு 252 கலோரி. ஆனால் அந்த ஒரு மணித்தியாலம் கதிரையில் இருந்திருந்தாலும் 72 எரிந்திருக்கும். அது அடிப்படைக் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது. ஆக, நடை சேர்த்தது 180 மட்டும். பல கருவிகள் காட்டுவது கழிக்காத மொத்தத்தை.

அதற்கு மேல் கருவியின் பிழை. 2017இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கையில் கட்டும் ஏழு கருவிகளை 60 பேரில் சோதித்தார்கள். இதயத் துடிப்பை அவை நன்றாகவே அளந்தன. எரித்த கலோரியில் மிகத் திறமான கருவிக்கே சராசரிப் பிழை 27 வீதம். மோசமானதற்கு 93 வீதம். 252ஐ 340 என்று ஒரு மணிக்கூடு காட்டுவது அதனால் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. சோளகம் முகத்தில் அடிக்க ஏ-9 வீதியில் சைக்கிள் மிதித்தால் எவ்வளவு கூட எரியும் என்பதும் அதற்குத் தெரியாது. அந்தப் பிழை மட்டும் மறுபக்கம் போகிறது.

இன்னொன்றும் உண்டு. 2021இல் வந்த ஒரு பெரிய ஆய்வின்படி, பயிற்சியில் கூடுதலாக எரிக்கும் கலோரியில் சராசரியாக 28 வீதத்தை உடம்பு வேறு செலவுகளைக் குறைத்துச் சமன்செய்துவிடுகிறது. காலையில் நன்றாக நடந்தவர் பின்னேரம் முற்றம் கூட்டாமல் விடுவது கண்ணுக்குத் தெரிந்த குறைப்பு. தெரியாமல் உள்ளே நடப்பதும் இருக்கிறது.

## நான்கு வழிகளும் ஒரே ஆளில்

அதே பெண், 1.2 அடிப்படை, நாளுக்கு 350 குறைவு, கிழமையில் ஆறு நாள் நடை. ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 கலோரி என்ற வழமையான கணக்கில் நான்கு கிழமைக்குப் போட்டது. கடதாசிக் கணக்குத்தான், உடம்பு இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே தரும்.

| வழி | நடந்த நாளில் சாப்பிடுவது | நான்கு கிழமையில் குறைவது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| ஒன்றும் சேர்க்காமல் | 1280 | 1.8 கிலோ | பசி, களைப்பு, தசை இழப்பு |
| முழுக்கச் சேர்த்து | 1620 | 0.8 கிலோ | கருவியின் பிழை முழுக்க வயிற்றுக்குள் |
| பாதி சேர்த்து | 1450 | 1.3 கிலோ | நாள்தோறும் கணக்கு |
| சராசரி, தினமும் ஒரே அளவு | 1430 | 1.3 கிலோ | மூன்று நான்கு கிழமை பொறுமை |

## ஒன்றும் திரும்பச் சாப்பிடாமல்

அட்டவணையில் 1.8 என்று பார்த்தவுடன் கை இங்கேதான் போகும். கணக்கு எழுதுவதும் குறைவு: நடந்தாலும் நடக்காவிட்டாலும் 1280. சாப்பாட்டை அளப்பதில் நாம் விடும் பிழையை இந்த எரித்த கலோரி ஈடுசெய்கிறது என்பது இதன் பெரிய நன்மை. தேங்காய்ச் சம்பலையும் சொதியையும் யாரும் சரியாக எழுதுவதில்லை. 100 கிராம் தேங்காய்ப்பூவில் 350 கலோரி. ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் 120. ஆக 1280 என்று எழுதிய நாள் உண்மையில் 1450ஆக இருக்கும் வாய்ப்பே கூட. அரைமணி, முக்கால்மணி நடக்கும் சாதாரண ஆளுக்கு இந்த வழி அதனால்தான் தற்செயலாகச் சரிவருகிறது.

பட்டினி நிலை பற்றிய பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆண்களை ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்துப் பார்த்தார்கள். அவர்களின் உடற்செலவு இறங்கியது உண்மை. நிறை குறைவது நின்றுபோகவில்லை. கிட்டத்தட்ட உடம்பின் கால்வாசியை இழந்தார்கள். அவர்களுக்கு நடந்த மற்றதுதான் நாம் கவனிக்க வேண்டியது: களைப்பு, எரிச்சல், குளிர், நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைவு. நம் 1280 அவ்வளவு கொடுமையானதில்லை. ஆனால் திசை அதுதான்.

வன்னியில் இந்த வழி முறிவது பெரும்பாலும் வெளியில், ஒரு பயணத்தில் அல்லது ஒரு விசேஷத்தில். முறிகண்டியில் பஸ் நிற்கிறது, பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு ஒரு சுருள் கச்சான் வாங்குகிறோம். இரண்டு கை நிறைய, ஒரு 60 கிராம், 350 கலோரி. முழு நடையும் அதற்குள் போய், மேலும் அவ்வளவு கடன். கச்சானைத் திட்டவில்லை, நல்ல சாப்பாடுதான். கிழமைக் கணக்கில் கொஞ்சம் இடம் விட்டிருந்தால் அது கணக்குக்குள்ளேயே போயிருக்கும்.

இந்த வழி யாருக்கு நல்லது: நாளுக்கு முக்கால் மணித்தியாலத்துக்குள் நடப்பவர், நிறை நிறையவே குறைக்க வேண்டியவர், சாப்பாட்டை அளந்து எழுத விருப்பமில்லாமல் கண்மட்டத்தில் சோற்றைக் குறைத்தவர். கூடாதது: நீண்ட பயிற்சி செய்பவர், மெலிந்தவர், கீழே சொல்லப்போகும் மருந்து எடுப்பவர்.

## முழுக்கச் சாப்பிட்டு

கருவி சரியாக இருந்தால் கணக்கின்படி மிக நேர்த்தியான வழி இது. எவ்வளவு பயிற்சி செய்தாலும் குறைவு 350இலேயே நிற்கும். பசியும் குறைவு. பயிற்சிக்குப் பலன் கையோடு கிடைப்பதால் நடக்கப் போக மனமும் வரும்.

அந்தக் கடைசி நன்மைதான் இதன் கெடுதியும். சோறு வேண்டும் என்பதற்காக நடப்பவர்கள் இருக்கிறார்கள். பிறந்தநாள் கேக் சாப்பிட்டுவிட்டு இரவு ஒன்பது மணிக்கு முற்றத்தில் சுற்றி நடந்து போனில் இலக்கம் ஏற்றுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். சாப்பாட்டுக்குத் தண்டனையாகப் பயிற்சி, பயிற்சிக்குக் கூலியாகச் சாப்பாடு என்று ஆனபிறகு இரண்டும் பிடிக்காமல் போய்விடும். எனக்கு இந்த வழி பிடிக்காததற்குக் கருவிப் பிழையைவிட இதுதான் காரணம்.

ஆனாலும் இரண்டு வகை ஆட்கள் இதைத்தான் செய்ய வேண்டும்.

முதலாவது, பாடசாலை அணியிலும் கழகங்களிலும் உதைபந்து, வலைப்பந்து விளையாடும் பிள்ளைகள், ஓட்ட வீரர்கள். இவர்களுக்கு ஒரு எல்லை இருக்கிறது. பயிற்சியில் எரித்ததைக் கழித்தபின், கொழுப்பு நீங்கலான உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 30 கலோரியாவது மிஞ்ச வேண்டும். அதற்குக் கீழே நீண்டநாள் போனால் மாதவிடாய் குழம்பும் அல்லது நிற்கும், எலும்பு நலியும், காயம் ஆறப் பிந்தும். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதை ஒரு தனி மருத்துவப் பிரச்சினையாக விவரித்தது. 55 கிலோ உள்ள ஒரு பிள்ளைக்குக் கொழுப்பு நீங்கலாக 42 கிலோ என்று வைத்தால் 1260 கலோரி மிஞ்ச வேண்டும். பயிற்சியில் 600 எரித்தால் 1860க்குக் குறையாமல் சாப்பிட வேண்டும். அது எல்லை மட்டும். வளரும் பிள்ளைக்கு அதற்கு மேலேயே வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போவதை "பயிற்சியால்தான்" என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, பல நாள் பெரும் உழைப்பில் இறங்குபவர்கள். செல்வச்சந்நிதியில் தொடங்கி முல்லைத்தீவு வழியாகக் கதிர்காமம் போகும் பாதயாத்திரையில் சேர்கிறவர் அந்தக் கிழமைகளில் நிறை குறைக்கும் திட்டத்தை மடித்து வைத்துவிட வேண்டும். கிடைக்கும் அன்னதானத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

## பாதியைச் சாப்பிட்டு

இணையத்தில் அடிக்கடி கிடைக்கும் அறிவுரை இது. ஏன் பாதி, ஏன் மூன்றில் ஒன்று இல்லை என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. பதில் மேலே இருக்கிறது: 340இல் பாதி 170; உண்மையான நடைச் செலவு 180. கருவி சும்மா இருக்கும் செலவையும் சேர்த்துக் காட்டுகிறது, அதற்கு மேலும் கூட்டிக் காட்டுகிறது. பாதியாக்கினால் இரண்டும் கழிந்து கிட்டத்தட்ட சரியான இடத்துக்கு வருகிறது. உங்கள் கருவி குறைத்துக் காட்டும் வகை என்றால் பாதி போதாது.

நாளுக்கு நாள் பயிற்சி பெரிதாக மாறுகிறவருக்கு இது வசதி. 45 வயது, 170 சென்டிமீற்றர், 84 கிலோ உள்ள ஒருவர் கிழமை நாட்களில் மேசை வேலை, ஞாயிறு மட்டும் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் ஏ-35 வீதியில் இரண்டு மணித்தியாலம் சைக்கிள் ஓடுகிறார் என்று வையுங்கள். அவருடைய சாதாரண நாள் செலவு 2020 அளவில், அதில் 500 கழித்து இலக்கு 1520. ஞாயிறு ஓட்டம் சும்மா இருப்பதற்கு மேல் சேர்ப்பது 840 போல. அன்று 1520உடன் நின்றால் உடம்புக்கு மிஞ்சுவது 680. திங்கள் தலைவலி, பின்னேரம் கொத்துரொட்டி. கணக்கு அங்கேயே கவிழ்ந்துவிடும். ஒரு 400 சேர்ப்பது, அதில் ஒரு பங்கை ஓடும்போதே வாழைப்பழமாகவோ பேரீச்சம்பழமாகவோ சாப்பிடுவது புத்தி.

குறை என்னவென்றால், நாள்தோறும் போனைப் பார்த்துக் கழித்துக்கொண்டிருக்க வேண்டும். தினமும் ஒரே நடை நடப்பவருக்கு அது வீண் வேலை.

## சராசரியாக, தினமும் ஒரே அளவு

180ஐ ஆறு நாளால் பெருக்கி ஏழால் வகுத்தால் 154. அதை 1630உடன் சேர்த்து 350 கழித்தால் 1430. மழை பெய்து நடக்காத நாளிலும் 1430, குளக்கட்டில் இரண்டு தடவை போய்வந்த நாளிலும் 1430. போன் என்ன காட்டினாலும் சாப்பாட்டில் மாற்றமில்லை.

அதன்பிறகு நீதிபதி நிறை பார்க்கும் மெஷின்தான். வீட்டில் இருந்தால் கிழமையில் மூன்று நாள், காலையில் மலசலம் கழித்தபின், சாப்பிட முன் ஏறி, சராசரி எடுங்கள். இல்லாவிட்டால் ஒரே பாமசி, ஒரே மெஷின், கிழமைக்கு ஒருநாள். கிளினிக் கொப்பியில் இருக்கும் நிறையை இதோடு சேர்த்து ஒப்பிடாதீர்கள். அது வேறு மெஷின், வேறு நேரம், வேறு உடுப்பு. நடந்து வந்த கையோடும் ஏறக்கூடாது. வன்னி வெயிலில் ஒரு லீற்றர் வியர்த்தால் ஒரு கிலோ குறைந்ததுபோல் காட்டும். இரண்டு செம்பு தண்ணீரில் அது திரும்பிவிடும். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டி நீர் தேங்கி நிறை ஏறும் என்பதால், ஒரு மாதத்தின் அதே கிழமையை அடுத்த மாதத்தின் அதே கிழமையோடு ஒப்பிடுவதுதான் முறை.

நான்கு கிழமை கழித்து 1.3 கிலோ எதிர்பார்த்த இடத்தில் 0.9 கிலோ என்றால் விட்டுவிடலாம், நல்லாகத்தான் போகிறது. அசையவே இல்லையென்றால் நாளுக்கு 100 குறையுங்கள். இரண்டரைக் கிலோ போய்விட்டது, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றால் 150 கூட்டுங்கள். கருவிப் பிழை, தேங்காய்ப்பால் பிழை, உடம்பு சமன்செய்துவிடும் பங்கு எல்லாம் இந்த ஒரே அளவீட்டுக்குள் அடங்கிவிடுவதால் ஒவ்வொன்றையும் தனியாகத் தேடவேண்டியதில்லை. முழுக்க, பாதி என்ற இரண்டு வழிகளும் கருவியிடம் கேட்கும் கேள்வியை இது உடம்பிடமே கேட்கிறது.

வீட்டுச் சமையலுக்கும் இதுதான் இலேசு. மத்தியானச் சோறு இத்தனை அகப்பை, இரவுப் புட்டு இவ்வளவு என்று ஒருதடவை நிறுத்து அளவு பிடித்துவிட்டால் அம்மாவுக்கும் பழகிவிடும். "நேற்று இவ்வளவு சாப்பிட்டாய், இன்றைக்கு ஏன் இல்லை" என்ற கேள்வி வராது.

யாருக்குச் சரிவராது? பொறுமை இல்லாதவருக்கு. ஒரு கிழமை நன்றாக நடந்து அடுத்த இரண்டு கிழமை படுப்பவருக்கும்தான்; அவருக்குச் சராசரி என்று ஒன்றே கிடையாது.

## வயலும் கரைவலையும் பயிற்சிக் கணக்கில் வராது

மேசன் வேலை, கூலி வேலை, கரைவலை இழுப்பு, தோட்டத்துக்குத் தண்ணீர் மாறுவது ஆகியவற்றைப் பயிற்சி என்று தனியாகப் பதிந்து திரும்பச் சாப்பிடக்கூடாது. அவை அடிப்படைப் பெருக்கத்துக்குள் போக வேண்டியவை. அப்படியான வேலையில் இருப்பவர் 1.55 அல்லது அதற்கு மேல் எடுத்து, அதிலிருந்து குறைக்கட்டும்.

வயலில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. அருவி வெட்டும் சூடடிப்பும் கையால் நடந்த காலத்து உழைப்பு இப்போது இல்லை. அறுவடை மெஷின் வந்து ஒரு பின்னேரத்தில் முடித்துவிட்டுப் போகிறது. வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவரின் தட்டு மட்டும் அப்பாவின் காலத்து அளவிலேயே இருக்கிறது. காலபோகத்தில் விதைப்பு, வரம்பு கட்டல், பசளை எறிதல் நடக்கும் கிழமைகளுக்கு ஒரு பெருக்கம், பயிர் நின்று வளரும் கிழமைகளுக்கு வேறொன்று என்று வைத்துக்கொள்வதே நேர்மையான கணக்கு.

## சலரோக மருந்து எடுப்பவர்கள்

இன்சுலின் போடுபவர்கள், கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், கிளிமெப்பிரைட் போன்ற குளிசைகள் எடுப்பவர்கள் "திரும்பச் சாப்பிடுவதா" என்ற கேள்வியை நிறைக் கணக்காகப் பார்க்கவே கூடாது. இந்த மருந்துகளோடு நடையைக் கூட்டி, சாப்பாட்டையும் குறைத்தால் இரத்தத்தில் சீனி 70 mg/dLக்குக் கீழே இறங்கலாம். நடுக்கம், குளிர் வியர்வை, தலைச்சுற்று, திடீர்ப் பசி வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால்மணித்தியாலம் கழித்தும் சரியாகாவிட்டால் இன்னொரு தடவை. நடக்கப் போகும்போது சட்டைப் பையில் குளுக்கோஸோ இனிப்போ இருக்கட்டும். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

நிறை குறையக் குறைய மருந்தின் அளவும் குறைக்க வேண்டிவரலாம். அதைக் கிளினிக்கில் வைத்தியர் செய்ய வேண்டும். சீனி இறங்குகிறதே என்று ஒவ்வொரு நாளும் கூடச் சாப்பிட்டுச் சமாளித்தால் நிறையும் குறையாது, மருந்தும் குறையாது. பிரஷருக்கு மருந்து எடுப்பவர்களும் எழும்பும்போது தலை சுற்றினால் மருந்தின் அளவை வைத்தியரிடம் கேளுங்கள்.

## சேர்ப்பதென்றால் எதை

நடையின் உண்மையான 180 என்பது ஒரு அவித்த முட்டையும் ஒரு வாழைப்பழமும். அல்லது ஒன்றரை அகப்பைச் சோறு. அல்லது இரண்டு கரண்டி சீனியும் முழு ஆடைப் பால்மாவும் போட்ட ஒன்றரைக் கோப்பைப் பால் தேத்தண்ணீர். மூன்றும் ஒரே கலோரிதான், வயிற்றில் நிற்கும் நேரம் வேறு. நிறை குறையும் காலத்தில் தசையைக் காப்பாற்றப் புரதம் வேண்டும். உடம்பின் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 1.2 கிராமாவது. மத்தியானம் சோறு மலையாகவும் மீன் ஒரு துண்டாகவும் இருக்கும் நம் தட்டில் அது இலேசில் வராது. ஆகவே சேர்க்கும் கலோரியை முட்டை, நெத்தலி, குளத்து மீன், அவித்த கௌபி, பயறு என்று சேர்ப்பது கெட்டித்தனம். வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் பருப்பைக் கெட்டியாக, தேங்காய்ப்பால் குறைத்து வையுங்கள். சோடா வாங்கினால், போத்தலில் சீனி கூட என்று காட்டும் சிவப்பு வட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். நடந்து களைத்தவருக்குத் தண்ணீரும், கிடைத்தால் ஒரு இளநீரும் காணும்.